துறைமுக வாசலில் ஐந்து லாரிகள்

தூத்துக்குடி,
8 டிசம்பர் 2003

குழலி,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். ஊருக்கு வந்து இத்தனை நாளாகியும் ஒரு வரி எழுதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். டெல்லியில் யாரோ தாளை முன்கூட்டியே விற்றுவிட்டார்கள், ஐ.ஐ.எம்.மில் சேர நாம் எழுதின கேட் பரீட்சை ரத்து என்று டி.வி.யில் சொன்னதுதான் தாமதம், அப்பா என்னை ரயிலேற்றிவிட்டார். "பரிச்சையும் இல்ல ஒண்ணும் இல்ல, அக்கா பேறுகாலத்துக்கு ஒத்தாசையா இரு. ராயபுரம் கடைய நான் பாத்துக்கிடுதேன்." அவ்வளவுதான். போன் அத்தான் கடையில் இருக்கிறது. அங்கே நின்று பேசினால் பருப்பு வாங்க வந்தவன் பட்டாணி வாங்க வந்தவன் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். அதனால்தான் கடிதம்.

பிப்ரவரியில் மறுபடி பரீட்சை வைப்பார்கள் என்கிறார்கள். அப்பாவிடம் எப்படியாவது கெஞ்சி மெட்ராஸ் வந்துவிடுவேன். நம் இரண்டு பேர் விண்ணப்பமும் ஒன்றாகப் போனதால் மறுபடியும் முன்னால் நீ, பின்னால் நானாகத்தான் உட்கார வைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். கேட்டால் நீ கோபித்துக்கொள்வாய், கேட்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நீ எனக்குப் போட்ட தாளில், துறைமுக வாசலில் ஐந்து லாரி வரிசையாக நிற்கிற புதிர் இருந்ததே. எந்த லாரியில் எந்தச் சரக்கு, எந்த டிரைவர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவேண்டும். பரீட்சையில் ஐந்து வீடு என்று வந்தது அதேதான், குழலி. லாரிக்குப் பதில் வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். குறிப்புகளின் வரிசைகூட மாறவில்லை. அதை நீ எங்கிருந்து எடுத்தாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மகிமா


திருவொற்றியூர்,
13 டிசம்பர் 2003

மகிமா,

"சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்று எழுதியிருக்கிறாய். சும்மா தெரிந்துகொள்கிறவளுக்குச் சாப்பாடு ஏன் இறங்காமல் போகிறது? நேராகக் கேள். "குழலி, உனக்கு முன்னாலேயே தாள் கிடைத்ததா?" என்று கேட்க ஒரு இன்லண்டு லெட்டர் வேண்டாம், ஒரு போஸ்ட் கார்டு போதும்.

ஊருக்குப் போனதும் எல்லாம் மறந்துவிட்டதோ என்னவோ, நானே ஞாபகப்படுத்துகிறேன். சனிக்கிழமை சாயங்காலமானால் சுப்புராஜ் சார் கோச்சிங் கிளாசின் பின் பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு நான் ஒரு தாள், எனக்கு நீ ஒரு தாள். நீ புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்துக்கொண்டு வருவாய். முதல் வரியிலேயே எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் அப்படிச் செய்வதில்லை. ஏன்? நீ புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வந்து, யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி தலையைச் சொறிவாய். பார்த்தாயா இல்லையா, உன் கர்த்தர் மேல் ஆணையாகச் சொல். அதனால்தான் எதை எடுத்தாலும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவேன். லண்டன் டாக்டர்களைக் காசிமேட்டு லாஞ்சில் ஏற்றிவிடுவேன். விருந்து மேசை எண்ணூர் பஸ்ஸின் கடைசி சீட்டாகிவிடும். உனக்காக மெனக்கெட்டுச் செய்த வேலை அது. அந்த லாரிகள் முதலில் என்னவாக இருந்தன, எந்தப் புத்தகத்தில் நின்றன என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஐந்து லாரிக்கும் பெயின்ட் அடித்தவள் நான், பழைய நம்பர் பிளேட்டை எங்கே போட்டேன் என்றால் எப்படிச் சொல்வேன்?

அந்த மாதிரிப் புதிர் எத்தனையோ வருஷமாக எல்லாப் பரீட்சையிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் எடுத்த இடத்திலிருந்தே அவர்களும் எடுத்திருப்பார்கள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் "உன் லாரி வந்துச்சுடி" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாயே. அப்போது உனக்குச் சாப்பாடு நன்றாகத்தானே இறங்கியது?

குழலி


தூத்துக்குடி,
20 டிசம்பர் 2003

குழலி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அக்கா என்னவென்று கேட்டாள், வெங்காயம் உரித்தேன் என்று சொன்னேன். நான் உன்னைத் திருடி என்று சொல்லவில்லையே. நீயாகவே ஏன் அந்த வார்த்தை வரைக்கும் போகிறாய்? குற்றமுள்ள நெஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வேறு யாராவது படித்தால் அப்படித்தான் நினைப்பார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம் மட்டும் சொன்னேன். பேப்பரில் தினமும் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, யார் பிடிபட்டார்கள் என்று ஜெனிஷ் அத்தான் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. அத்தான் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டார், "அந்தப் பிள்ளைக்கி அண்ணங்காரன் என்ன சோலி பாக்கான்?" ராயபுரத்தில் ஏதோ அச்சகத்தில் என்றேன். "பொறவு என்னட்டி கேள்வி? அச்சாபீசுலதான தாள் வெளிய வரும்?" என்றார். அத்தான் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலை நீதானே தரவேண்டும்?

புத்தகத்தின் பெயரும் பக்கமும் எழுது. அது போதும். அத்தான் முகத்துக்கு முன்னால் நீட்டிவிட்டு உன் பக்கம் நிற்பேன். எனக்கும் பயமாக இருக்கிறது, குழலி. நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தால், உன் தாளைப் போட்டுப் பார்த்தவள் என்று என் பேரும் வரும். இங்கே எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேலே படிக்கப் போகிறேன் என்பதைச் சொல்லித்தான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

மகிமா


திருவொற்றியூர்,
2 ஜனவரி 2004

மகிமா,

புது வருஷத்துக்கு உன் புண்ணியத்தில் நல்ல பரிசு கிடைத்தது. சொல்கிறேன், கேள்.

சுப்புராஜ் சார் கிளாசில் நான் காசு கட்டிப் படிக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு லாஜிக்கில் வருகிற சந்தேகத்தை நான் தீர்த்துவைப்பேன், பதிலுக்கு அவர் வைக்கும் மாதிரித் தேர்வுகளை நான் சும்மா எழுதலாம். அதுதான் எங்கள் ஏற்பாடு. நேற்று முன்தினம் போனால் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "கொஞ்ச நாளைக்கு நீ வராம இரும்மா. நான் உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா யார் யாரோ போன் பண்ணி அந்த லாரிப் புதிரப் பத்திக் கேக்குறாங்க. நாளைக்கு கிளாஸ் பேரு கெட்டுப்போச்சுன்னா?" என்றார். யார் போன் பண்ணினார்கள் சார் என்றேன். கூரையைப் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நேற்று வரை "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே அலைந்த கூட்டம் அது.

லாரி விஷயம் உனக்கும் எனக்கும், நீ சொன்னதால் உன் அத்தானுக்கும்தான் தெரியும். அதை சுப்புராஜ் சாரிடம் கொண்டுபோனது யார்? நான் சொல்லவில்லை. மிச்சம் யார் என்று நீயே கழித்துப் பார். லாஜிக்தானே.

தீனா அண்ணனிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாமே சொல்ற? எங்க பிரஸ்ல ஓடுறதே கண்ணாலப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்தான். அந்த மிசினு காயிதத்த ஒயுங்கா முழுங்குனாலே எங்க மொதலாளி சூடம் காட்டுவாரு. அதுல ஐ.ஐ.எம். தாளு அடிச்சாங்களாமா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். "யாரு, அந்த ராயபுரம் மளிகைக்கட பொண்ணா சொல்லுச்சு? நம்ம வூட்ல குந்தி மீன்கொயம்பு துன்னுச்சே, அதுவா?" என்றான். ஆமாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நைனா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறார். "இந்த ஒரு தபாதான் குழலி. இல்லாங்காட்டி கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல கிருஷ்ணப்பன் கைல சொல்லி வச்சிக்கீறேன், போய்ச் சேர்ந்துக்க." ஒரு தடவைதான், மகிமா. உனக்குப் பரீட்சை போனால் சம்பந்தம் வரும், கடை இருக்கிறது, அத்தான் இருக்கிறார். எனக்கு இதை விட்டால் யார்டு. மாதிரித் தேர்வும் இல்லாமல், கேட்டுச் சொல்ல ஆளும் இல்லாமல், பிப்ரவரிக்கு நான் எதை வைத்துத் தயாராவது?

குழலி


தூத்துக்குடி,
9 ஜனவரி 2004

குழலி,

அத்தான்தான் சுப்புராஜ் சாருக்குப் போன் பண்ணியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் பண்ணினார். தெரிந்தால் விட்டிருக்கமாட்டேன். கெட்ட எண்ணத்தில் பண்ணவில்லை, "நம்ம புள்ள பேரு எதுலயும் மாட்டிரக் கூடாதுல்லா" என்றுதான் விசாரித்தாராம். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று. வாசலில் சார் உன்னை நிறுத்தியபோது, "இந்தப் புத்தகம் சார், இந்தப் பக்கம்" என்று நீ ஏன் சொல்லவில்லை? நான் கேட்டு ஒரு மாதமாகிறது. பதிலுக்கு நீ சண்டை போடுகிறாய், கிண்டல் பண்ணுகிறாய், என் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாய். புத்தகத்தின் பெயர் மட்டும் வரவில்லை.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் நீ ராயபுரம் கடைக்குப் போன் பண்ணி, "அந்த ஐந்து லாரி மாதிரி ஒன்று வரும், ஒரு தடவை பார்த்துக்கொள்" என்று சொன்னாய். சொன்னாயா இல்லையா? அன்றைக்கு அதை நான் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது ராத்திரி படுத்தால் அதுவே திரும்பத் திரும்பக் காதில் கேட்கிறது. வரும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு உன்னை நம்பத்தான் ஆசை. நீதான் வழிவிட மாட்டேன் என்கிறாய்.

மகிமா


திருவொற்றியூர்,
24 ஜனவரி 2004

மகிமா,

வரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். பத்து வருஷத்துத் தாளைப் புரட்டினவளுக்கு அது தெரியும். ஆடி மாதம் காற்றடிக்கும் என்று சொல்வதற்கு நான் வானிலை நிலையத்தில் திருட வேண்டியதில்லை.

புத்தகம் கிடைத்துவிட்டது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "இன்னா கண்ணு, டெய்லி வந்து மோந்து பாத்துட்டுப் போற, இன்னாதான் வோணும்?" என்று கேட்டார். சொன்னேன். அவரே மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். அட்டை போன பேங்க் கிளார்க் பரீட்சை கைடு. போன வருஷம் இதே புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு அவரிடமே திருப்பி விற்றிருக்கிறேன், அதனால்தான் வீட்டில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நம் லாரிகள் அதில் ஐந்து கடைகளாக நிற்கின்றன. குறிப்புகள் அதே வரிசை. நாம் இருவரும் பால்வாடிக்குப் போவதற்கு முன்னால் அச்சடித்தது.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து உனக்கு அனுப்பத்தான் கிளம்பினேன். ஜெராக்ஸ் கடை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அனுப்பமாட்டேன். சுப்புராஜ் சாரிடமும் காட்டமாட்டேன். காலேஜில் மூன்று வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளுக்கு என்னை நம்ப ஒரு பக்கம் ஜெராக்ஸ் வேண்டுமென்றால், அந்த நம்பிக்கை எனக்கு வேண்டாம். உன் அத்தான் கல்லாவிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளட்டும்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி ஹாலில் நான் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். கூப்பிடாதே. ரப்பர் கேட்காதே. நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

குழலி


தூத்துக்குடி,
31 ஜனவரி 2004

குழலி,

கிடைத்தது என்கிறாய், ஆனால் காட்டமாட்டேன் என்கிறாய். அத்தானிடம் சொன்னேன். "ஆமாமா, எங்க வீட்லயும் ஒரு யான நிக்கி, யாருக்கும் காட்டமாட்டோம்" என்று சிரித்தார். அவர் சிரிக்கும்போது நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

நிஜமாகவே இருந்தால் நீ அனுப்பியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும், ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை நீ. 

நான் கூப்பிடமாட்டேன். உன்னுடைய தாளில் நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கவும் மாட்டேன்.

மகிமா


ராயபுரம்,
29 மார்ச் 2004

குழலி,

கர்த்தர் பெரியவர். எனக்கு இரண்டு இடத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அப்பா கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார், தேங்காய் இறக்க வந்த வண்டிக்காரருக்குக்கூட லட்டு. சம்பந்தக்காரர்களிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. முதல் ஆளாக உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்கவேண்டியது. வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. தீனா அண்ணன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

உனக்கு எங்கிருந்தும் வரவில்லை என்று சுப்புராஜ் சார் சொன்னார். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நவம்பரில் பரீட்சை முடிந்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது உனக்கு என்னைவிட எவ்வளவோ அதிகமாக வந்திருந்ததே, இந்தத் தடவை எப்படி இவ்வளவு இறங்கியது என்று சார் ஒரு மாதிரியாகக் கேட்டார். அத்தான் போனில் "பாத்தியா" என்ற ஒரே வார்த்தைதான் சொன்னார். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது எதுவாக இருந்தாலும் நான் உன்னை மனசார மன்னித்துவிட்டேன், குழலி. உன் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். உன் நிலைமையில் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் சபலப்படத்தான் செய்வார்கள். இனி அதைப் பற்றி நாம் பேசவேண்டாம். பழைய மாதிரி இருப்போம்.

அடுத்த வாரம் குழு விவாதம் வைக்கிறார்கள். உன் அளவுக்கு யாருக்கும் தலைப்பு யோசிக்க வராது. முடிந்தால் நாலைந்து எழுதி அனுப்பு.

மகிமா


திருவொற்றியூர்,
5 ஏப்ரல் 2004

மகிமா,

உன் மன்னிப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்குவது எப்படி இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. 

தலைப்பு எழுதமாட்டேன். நான் எழுதி அனுப்பி, அதுவே அங்கே வந்து தொலைத்தால், எந்தப் புத்தகம் எந்தப் பக்கம் என்று மறுபடி ஆரம்பிப்பாய்.

யார்டில் சேர்ந்துவிட்டேன். எந்தக் கன்டெய்னர் எந்த வரிசையில் நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. கிருஷ்ணப்பன் சார் நல்லவர்.  தீனாதான் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான், "அந்த ஒரு காயிதத்த அப்பவே அவ மூஞ்சில வுட்டெறிஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும், இன்னா திமிரு உனக்கு" என்று. அவன் சொல்வதும் நியாயம்தான். திமிர்தான். எனக்கு வேறு என்ன இருந்தது?

மதிப்பெண் எப்படி இறங்கியது என்று சார் கேட்டாராமே. சொல்கிறேன், அவரிடமும் சொல். உன் அத்தானிடம் சொல்லவேண்டாம், அவர் சிரிப்பார்.

இங்கிலீஷும் கணக்கும் நன்றாகவே வந்திருக்கிறது, நவம்பரில் போட்டதைவிட நன்றாக. லாஜிக் பகுதிதான் கவிழ்த்தது. எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த லாஜிக். தாளைத் திறந்ததும் இரண்டாவது பக்கத்திலேயே ஒன்று இருந்தது. வங்கியில் ஆறு பேர் வரிசை, யார் யாருக்குப் பின்னால், யார் கையில் என்ன. உனக்கு ஞாபகம் வந்திருக்கும். தண்ணி லாரிக்குக் குடத்தோடு ஆறு பெண்கள் நிற்கிற மாதிரி செப்டம்பரில் நான் மாற்றிப் போட்டேனே, அதுதான். படித்து முடிப்பதற்கு முன்னாலேயே நாலு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டது. பென்சிலை வட்டத்தின் மேல் வைத்துவிட்டேன்.

அப்போது பின்னால் நீ இருமினாய்.

இதையும் போட்டால் இதற்கும் புத்தகம் கேட்பாள் என்று தோன்றியது. குழலியின் லாரி வந்தது, இப்போது குழலியின் குடமும் வந்துவிட்டது, இவள் அண்ணன் எந்த அச்சகம் என்று மறுபடி போன் போகும். கை நகரவில்லை, மகிமா. நாலையும் வெள்ளையாக விட்டேன். அடுத்த பக்கத்தில் இன்னொன்று தெரிந்த மாதிரி இருந்தது, அதையும் விட்டேன். தெரிந்தது எது என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கிவிட்டு, தெரியாதவற்றோடு மல்லுக்கட்டினேன். அதில் பாதி தப்பாகி, தப்புக்குக் கழித்ததில் இருந்த மதிப்பெண்ணும் போனது. என் தலைக்குள் நானே கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்திருந்ததை அந்த ஹாலில் திருட்டுச் சாமான் மாதிரி தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மட்டும் என்னை யாராவது காப்பி அடித்ததாகப் பிடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஆறு பேர் வரிசையை நீ போட்டிருப்பாய். சரியாகத்தான் போட்டிருப்பாய். செப்டம்பரில் உனக்கு அது பிடிபடவே இல்லை, பிடிபடும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது நான்தான்.

கார்குழலி